அரிசி சென்ற திசை: திருநெல்வேலித் திருச்சபைகளின் சமூக மேம்பாட்டுப் பணிகளில் நிலமும் பிடியரிசியும் (1799–1912)

ஆய்வுச்சுருக்கம்

திருநெல்வேலிப் பகுதியில் 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் உருவான சீர்திருத்தத் திருச்சபைகள் குடியிருப்புகள், பள்ளிகள், மருத்துவமனைகள், கைத்தொழில் நிலையங்கள் ஆகியவற்றை ஏற்படுத்தின. இவை பெரும்பாலும் அயல்நாட்டு மிஷனரிகளின் கொடைகளாகவே எழுதப்பட்டு வருகின்றன. இப்பணிகளுக்கு அடித்தளமாக இருந்த உள்ளூர் வழிமுறைகளை, குறிப்பாக நிலம் வாங்குவதற்கென அமைந்த தர்ம சங்கத்தையும் பெண்கள் வழி வளர்ந்த பிடியரிசிக் காணிக்கையையும், இக்கட்டுரை விளக்குகிறது. இவ்வழிமுறைகள் அளித்த பாதுகாப்பையும் அவை உருவாக்கிய புதிய சார்புநிலையையும் ஒருங்கே காண்பது இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: திருநெல்வேலித் திருச்சபை, தர்ம சங்கம், பிடியரிசி, பனைத்தொழில், ரேனியஸ், கால்டுவெல், சட்டாம்பிள்ளை, அசரியா.

முன்னுரை

தமிழகக் கிறித்தவ வரலாற்றில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஏளனச் சொற்களுள் 'அரிசிக் கிறித்தவர்' என்பதும் ஒன்று. பசிக்காகச் சமயம் மாறியவர் என்பது அதன் உட்பொருள். அரிசி மிஷனரியிடமிருந்து ஏழையை நோக்கிச் சென்றது என்ற எண்ணமே அச்சொல்லில் அடங்கியுள்ளது. ஆனால் திருநெல்வேலிச் சபைகளின் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்கும்போது, ஆண்டு முழுவதும் அரிசி எதிர்த்திசையில், அதாவது பனையேறியின் குடிசையிலிருந்து சபையை நோக்கி, சென்றுகொண்டிருந்ததைக் காணமுடிகிறது. பஞ்சக் காலத்தில் வந்த உதவி வரலாற்று நூல்களில் இடம்பெற்ற அளவிற்கு இந்த அன்றாட அரிசி இடம்பெறவில்லை. ஒரு பிடி அரிசியைப் பதிவேட்டில் குறிப்பது எளிதன்று என்பது ஒரு காரணம். அதைக் கொடுத்தவர்கள் பெண்கள் என்பது மற்றொரு காரணம் எனக் கருதலாம்.

முதலூர் உருவான 1799ஆம் ஆண்டு முதல் அசரியா தோர்ணக்கல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட 1912ஆம் ஆண்டு வரையிலான காலம் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. ஆகிய இரு மிஷன் சங்கங்களின் சபைகளே ஆய்வு எல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் பணிகளும் தென்திருவிதாங்கூரில் இலண்டன் மிஷன் ஆற்றிய பணிகளும் தனித்து ஆராயத்தக்கவை. தொடர்புள்ள இடங்களில் மட்டும் அவை சுட்டப்படுகின்றன.

பனையேறியும் குடியிருப்பு நிலமும்

தாமிரபரணிக்குத் தெற்கே பரந்துள்ள செம்மணல் தேரியில் நெல் விளைவதில்லை. அங்கு வாழ்வு பனையை நம்பியது. ஒரு பனையேறி நாளொன்றுக்கு 30 முதல் 40 மரங்கள் வரை, காலையும் மாலையும் என இருமுறை ஏறி இறங்குவார். பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குவார். அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது மனைவியின் பணி. விடிலியின் புகைக்குள் அவர் பகல் முழுவதும் இருக்கவேண்டும். ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதமே இத்தொழில் நடக்கும். எஞ்சிய மாதங்கள் கடனில் கழியும்.

இவ்வாழ்வில் பனையேறிக்குச் சொந்தமாக எதுவும் இருக்கவில்லை என்பதே முதன்மையாகக் கவனிக்கத்தக்கது. மரம் வேறொருவருடையது; மரம் நின்ற மண்ணும், குடிசை போட்டிருந்த மனையும் அவ்வாறே. ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார் சமூகம் குறித்து 1969இல் வெளியிட்ட நூலில், தேரிப் பகுதியின் நிலக்கிழார்களுள் பலர் அதே சமூகத்தின் நாடான்மார் குடும்பத்தினர் என்பதை எடுத்துக்காட்டியுள்ளார். ஆகவே இங்கு நிலவிய ஒடுக்குமுறையை ஒரு சாதிக்கும் மறுசாதிக்கும் இடையிலான பூசலாக மட்டும் சுருக்கிவிட இயலாது. நிலம் உடையவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான பூசலாகவும் அது இருந்தது.

சமய மாற்றம் இச்சூழலில் உடனடியாக மனையைத் தொடும் சிக்கலாயிற்று. ஊர்க்கோயில் வரியும் கொடை விழாவும் ஊர் ஒழுங்கின் பகுதிகள். அவற்றிலிருந்து விலகிய குடும்பத்தை நிலக்கிழார் வெளியேற்ற முடியும். தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியாரின் முயற்சியால் 1799இல் உருவான முதலூர் இந்நெருக்கடியின் விளைவே. துன்புறுத்தலுக்கு உள்ளான குடும்பங்களுக்காக நிலம் வாங்கப்பட்டு, புதிய ஊர் அமைக்கப்பட்டது. திருநெல்வேலிப் பகுதியில் கிறித்தவர்களுக்கென எழுந்த முதல் ஊர் என்பதால் அப்பெயர் பெற்றது. நாசரேத்து, சாயர்புரம், மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம் எனப் பின்னர் பெருகிய ஊர்ப்பெயர்களைச் சமயப் பற்றின் வெளிப்பாடாக மட்டும் படிப்பது போதாது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு கிரயப் பத்திரம் உண்டு.

தர்ம சங்கம்

ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான சிற்றூர்களில் சபைகள் தோன்றின. முதலூரில் ஒருமுறை நிகழ்ந்தது இப்போது ஊருக்கு ஊர் நிகழலாயிற்று. குடியெழுப்பப்பட்டவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஐரோப்பியக் கொடையாளரை எதிர்பார்த்திருக்க இயலாது. டோனாவூரைப் போன்று பிரஷ்ய நாட்டுப் பிரபு ஒருவரின் நன்கொடையால் உருவாகி அவர் பெயரையே தாங்கிய ஊர்கள் விதிவிலக்கானவை.

இத்தேவையிலிருந்தே 1830இல் தர்ம சங்கம் தோன்றியது. நிலமும் மனையும் வாங்கிக் கிறித்தவக் குடும்பங்களைக் குடியமர்த்துவதும், சபைக்கூடங்களுக்கும் பள்ளிகளுக்கும் இடம் தேடித்தருவதும் அதன் நோக்கங்கள். உபதேசிமாரும் சபையாரும் சந்தா செலுத்தினர். உபதேசியாரின் மாத ஊதியம் மிகக் குறைவாக இருந்த காலத்தில், அதிலிருந்து ஒரு பகுதியைப் பிறருடைய மனைக்காக அவர் ஒதுக்கினார் என்பது சிறு செய்தியன்று.

இச்சங்கத்தின் காலம் கருதத்தக்கது. சி.எம்.எஸ். சங்கத்தின் செயலராக 1841 முதல் 1872 வரை விளங்கிய ஹென்றி வென், உள்நாட்டுத் திருச்சபைகள் தம்மைத் தாமே தாங்கி, ஆண்டு, பரப்பவேண்டும் என்ற மும்மைக் கொள்கையை வகுத்தவராகப் போற்றப்படுகிறார். அவர் பொறுப்பேற்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே பாளையங்கோட்டையில் தற்சார்புக்கான நடைமுறை இயங்கத் தொடங்கிவிட்டது. கொள்கை இலண்டனில் பிறந்து திருநெல்வேலியில் நடைமுறைக்கு வந்தது என்ற பொதுவான வரிசைமுறை இவ்விடத்தில் பொருந்தவில்லை. ரேனியஸ் சி.எம்.எஸ். சங்கத்துடன் முரண்பட்டு 1835இல் பிரிய நேர்ந்தபோதும், 1838இல் மறைந்தபோதும், சபைகளுடன் இவ்வமைப்பும் நிலைத்துநின்றது.

நிலம் கிடைத்த பின் நிகழ்ந்தவை பார்வைக்கு எளியவை: கிணறு, நேரான தெரு, நிழல்மரம், பள்ளி. 1830களின் இறுதியில் மெஞ்ஞானபுரத்திற்கு வந்து 1870இல் மறையும் வரை அங்கேயே பணியாற்றிய ஜான் தாமஸ், வெறும் மணற்காட்டில் கிணறுகள் தோண்டித் தோப்புகளை உருவாக்கினார். இடையன்குடியில் 1841இன் இறுதியில் குடியேறிய கால்டுவெல் தெருக்களைத் திட்டமிட்டு ஊரையே புதிதாக அமைத்தார். அங்கு 1847இல் தொடங்கிய ஆலயப் பணி 1880இல்தான் நிறைவெய்தியது. கட்டடத்திற்கான முப்பத்துமூன்று ஆண்டுகளை மிஷன் நிதியின் தட்டுப்பாடாகக் கூறுவது வழக்கம். அதனைப் பனங்காட்டு மக்களின் உழைப்பும் காணிக்கையும் பருவந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்ந்த கால அளவாகவும் கொள்ளலாம்.

பிடியரிசி

சபைக் காணிக்கைகளுள் மிகச் சிறியதும் மிக நீண்ட காலம் நிலைத்ததும் பிடியரிசியே. உலையில் அரிசியிடுவதற்கு முன் இல்லத்தரசி ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவார். வாரத்தின் இறுதியில் அது சபைக்கு வரும்; விற்கப்பட்டுச் சபைக் கணக்கில் சேரும். உபதேசியாரின் ஊதியம், ஆலயக் கூரை, ஏழைகளின் உதவி நிதி எனப் பலவற்றிற்கும் அது பயன்பட்டது.

இதன் உள்ளமைப்பு எண்ணிப் பார்க்கத்தக்கது. சந்தா என்பது நிலையான தொகை. பனைத்தொழில் இல்லாத மாதங்களில் அது கடனாகச் சேரும். தசமபாகம் வருவாயைக் கணக்கிடுவது. கணக்கில் எழுதும் அளவிற்கு வருவாய் இல்லாத வீட்டில் அதற்கு இடமில்லை. பிடியரிசியோ அவ்வீட்டின் சமையலையே அளவாகக் கொண்டது. சமைத்த நாளில் ஒரு பிடி. உலை வைக்காத நாளில் எதுவும் இல்லை. நெல் விளையாத தேரியில் அரிசியே விலைகொடுத்து வாங்கும் பொருளாக இருந்தது. கூழும் பதநீரும் பசியாற்றிய நாள்களே மிகுதி. எனவே இக்காணிக்கை குடும்பத்தின் வறுமைக்கேற்பத் தானே குறைந்து, வளத்திற்கேற்பத் தானே கூடியது. தண்டுவதற்கு அதிகாரி தேவைப்படவில்லை.

கொடுக்கும் முடிவு பெண்ணின் கையில் இருந்தது என்பது மற்றொரு கூறு. கருப்பட்டி விற்ற பணம் கணவரிடமோ கடன் கொடுத்தவரிடமோ சென்றது. அடுப்படி மட்டும் மனைவியின் ஆளுகைக்கு உட்பட்டது. சபை நிதிக்கு யாரையும் கேளாமல் அவர் பங்களிக்க இயன்ற ஒரே வழி அதுவே. சபைக் குழுக்களில் பெண்களுக்கு இடம் கிடைப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சபையின் செலவுகளில் அவர்களது அரிசி இருந்தது.

இவ்வழக்கத்தைக் கிறித்தவத்திற்கே உரியதாகக் கூறுவது பிழையாகும். விருதுநகர் நாடார் சமூகத்தினர் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நிறுவிய க்ஷத்திரிய வித்யாசாலையும் வீடுதோறும் திரட்டிய பிடியரிசியால் வளர்ந்தது. காமராசர் பயின்ற பள்ளி அது. வணிகப் பொருள்கள்மீது உறவின்முறை திரட்டிய மகமையும் இதே இயல்பினது: வணிகம் நடந்தால் மகமை உண்டு, நடவாவிடில் இல்லை. கிறித்தவரான பனையேறியும் சைவரான வணிகரும் ஒரே பண்பாட்டுக் கருவியைத் தத்தம் தேவைக்கேற்பப் பயன்படுத்தினர் எனக் கொள்வதே பொருத்தம். மிஷனரிகள் கொண்டுவந்ததாகக் கருதப்படும் பலவற்றுள் எது வந்தது, எது இங்கேயே இருந்தது என்பதைப் பிரித்தறிய இத்தகைய ஒப்பீடு உதவும்.

அறுப்பின் பண்டிகையும் இவ்வகையில் சேர்த்து நோக்கத்தக்கது. அன்று ஆலயத்திற்குக் கொண்டுவரப்படும் சுரைக்காய், கோழி, முட்டை, கருப்பட்டி முதலியன ஆராதனைக்குப் பின் ஏலம் விடப்படும். ஒரு சுரைக்காய் சந்தை விலையைப்போல் பன்மடங்கிற்கு ஏலம் போவதும், எடுத்தவரே அதை மீண்டும் ஏலத்திற்குக் கொடுப்பதும் இயல்பு. பொருளுடையவரின் பெருமித உணர்வைப் பொதுநிதியாக மாற்றும் நுட்பம் இது. திரண்ட பொருளின் ஒரு பகுதி அசனமாக, அதாவது ஊர் முழுதும் ஒன்றாக அமர்ந்துண்ணும் விருந்தாக, மக்களிடமே திரும்பியது.

ரேந்தையும் பள்ளியும்

நாகர்கோவிலில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு ரேந்தைப் பின்னல் கற்பித்தார். அவருடைய மகள் எலைசா கால்டுவெலை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அக்கலையும் உடன் வந்தது. விடிலிப் புகையிலிருந்து விலகி, நிழலில் அமர்ந்து, தம் பெயரில் பெண்கள் ஈட்டிய முதல் வருவாய்களுள் இதுவும் ஒன்று. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855ஆம் ஆண்டு ஆணையால் முற்றிலும் நீக்கப்படும் முன்னரே, ரேந்தை வருவாயைக் கொண்டு தம் விடுதலையைப் பெற்ற பெண்கள் இருந்தனர். எனினும் இத்தொழிலின் சந்தை அயல்நாட்டில் இருந்தது. வடிவத்தையும் விலையையும் பின்னியவர் முடிவு செய்யவில்லை. பிடியரிசியில் இருந்த தன்னாட்சி ரேந்தையில் இல்லை.

பள்ளிகளைப் பற்றி விரிவான ஆய்வுகள் பல உள்ளமையால் இங்குச் சில குறிப்புகள் போதும். ஊரில் முதலில் எழுந்த கூரைக்கட்டடமே பகலில் பள்ளி, ஞாயிறன்று ஆலயம், உபதேசியாரே ஆசிரியர். நாசரேத்தில் 1876 முதல் 1908 வரை பணியாற்றிய மர்காசிஸ் 1878இல் கைத்தொழிற்பள்ளியைத் தொடங்கினார். பனையேற்றத்தைத் தவிர வேறு தொழில் அறியாத குடும்பத்துச் சிறுவர்கள் தச்சும் தையலும் பயில அது வழிவகுத்தது. பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியையும், அதே பத்தாண்டில் ஸ்வெயின்சன் அம்மையார் செவித்திறன் குறைந்தோர் பள்ளியையும் நிறுவினர். சபைக் குடும்பங்களின் தேவையிலிருந்து பொதுச் சமூகத்தின் தேவையை நோக்கிப் பணி விரிந்ததற்கு இவ்விரண்டும் தெளிவான சான்றுகள்.

பஞ்சமும் பழிச்சொல்லும்

1876–78 பெரும்பஞ்சத்தின்போதும் அதனை அடுத்தும் பல ஆயிரம் மக்கள் திருநெல்வேலிச் சபைகளில் சேர்ந்தனர். பஞ்ச நிவாரணத்தில் கால்டுவெலும் பிற மிஷனரிகளும் ஈடுபட்டனர். 'அரிசிக் கிறித்தவர்' என்னும் பழிச்சொல்லுக்கு இக்காலமே பெரும் ஆதாரமாகக் காட்டப்படுகிறது. பசியின் பங்கை மறுப்பது நேர்மையன்று. ஆயின் பசியுற்றவர் எங்கே செல்கிறார் என்பது, அங்கே முன்பே என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக மனை, கிணறு, பள்ளி, உதவி நிதி ஆகியவற்றைத் தம் காணிக்கையாலும் பேணிவந்த ஊர்கள் அருகில் இருந்தன. நிவாரணக் கஞ்சி சில மாதங்களில் முடிந்துவிட்டது. அதன் பின்னரும் தங்கியவர்கள் வாங்குவோராக மட்டும் இல்லை. அவர்களது வீடுகளிலும் பிடியரிசிக் கலயம் வைக்கப்பட்டது.

பாதுகாப்பின் விலை

இதுவரை கூறியவை ஒரு பக்கம். தர்ம சங்கம் வாங்கிய நிலம் சங்கத்தின் நிலம். அதில் குடியிருந்தவர் அதன் உரிமையாளர் அல்லர். முன்பு நிலக்கிழாரின் தயவில் இருந்த மனை இப்போது சபையின் தயவில் இருந்தது. வட்டியும் வெளியேற்றமும் இல்லாத இந்நிலை முன்னையதினும் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் குடியிருப்பும் திருவிருந்தும் ஒரே தலைமையின் கீழ் வரும்போது, அத்தலைமையுடன் கருத்து வேறுபடுவது கடினமாகிறது. சபை ஒழுங்கு என்பது ஊர் ஒழுங்காகவும் ஆகிவிடுகிறது.

நாசரேத்தில் உபதேசியாராக இருந்து மிஷனரியுடன் மோதிப் பணியிழந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை இதனை நன்கு உணர்ந்தவர். கால்டுவெல் 1849இல் வெளியிட்ட சாணார் பற்றிய நூல் அச்சமூகத்தை இழிவுபடுத்துவதாகக் கண்டு அவர் கடுமையாக எதிர்த்தார். 1857இல் நாசரேத்துக்கு அருகில் பிரகாசபுரத்தில் அவர் தோற்றுவித்த சபை, பின்னாளில் ஏக இரட்சகர் சபை எனப் பெயர்பெற்றது. அயல்நாட்டுப் பணமும் அயல்நாட்டு மேலாண்மையும் அங்கு மறுக்கப்பட்டன. வழிபாட்டு முறைகளும் இந்நாட்டு வழக்கையொட்டி மாற்றப்பட்டன. மிஷனரி வரலாறுகள் இதனைப் பிரிவினையாக மட்டும் பதிவு செய்துள்ளன. தம் காணிக்கையால் சபையைத் தாங்கத் தெரிந்த மக்கள், அதை ஆளவும் தமக்கு உரிமையுண்டு எனக் கேட்ட நிகழ்வாக அதனைக் காண்பது கூடுதல் விளக்கம் தரும். தர்ம சங்கம் தோன்றி இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த கேள்வி அது. மறு மிஷன் சங்கத்தின் எல்லைக்குள் எழுந்தது எனினும், பனங்காட்டு மக்கள் இரு எல்லைகளுக்கும் பொதுவானவர்கள்.

சாதியைப் பற்றிய குறை இதனினும் ஆழமானது. நிலம் வாங்கிக் குடியமர்த்தும் முறை, ஒன்றாகச் சமயம் மாறிய உறவினர் கூட்டத்தை ஒன்றாகவே குடியமர்த்தியது. ஆகவே புதிய ஊர்களுள் பெரும்பாலானவை ஒரே சாதியினரின் ஊர்களாயின. பள்ளர், பறையர் சமூகங்களிலிருந்து வந்த கிறித்தவர்களின் தெருவும் சபையும் பல இடங்களில் தனித்தே நின்றன. ஊரின் பெயர் மாறியது. ஊரின் வரைபடம் மாறவில்லை. பிடியரிசி ஒரே நிதியில் கலந்த அளவிற்கு அதைக் கொடுத்த கைகள் ஒரே பந்தியில் அமர்ந்தன எனக் கூறமுடியாது. சமூக மேம்பாட்டினை அளக்கும் ஆய்வுகள் பள்ளிகளின் எண்ணிக்கையோடு இதனையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

எல்லை கடந்த காணிக்கை

மெஞ்ஞானபுரத்தை அடுத்த வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, இவ்வூர்களின் காணிக்கை மரபில் வளர்ந்தவர். அவரும் அவருடைய நண்பர்களும் 1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினர். பணியாளர், பணம், மேலாண்மை மூன்றும் இந்தியருடையனவாகவே இருக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. சட்டாம்பிள்ளை சபையைவிட்டு வெளியேறிக் கேட்டதை, அரை நூற்றாண்டுக்குப் பின் அசரியாவின் தலைமுறை சபைக்குள்ளிருந்தே கேட்டுப் பெற்றது எனலாம்.

பணிக்களமாக ஐதராபாத் நிஜாமின் ஆட்சிப்பகுதியிலிருந்த தோர்ணக்கல் தெரிவு செய்யப்பட்டது. தேரிக்காட்டுச் சபைகளின் காணிக்கை இப்போது மொழி எல்லையைக் கடந்து தெலுங்கு நாட்டிற்குச் சென்றது. அசரியா 1909இல் தாமே அங்குச் சென்றார். 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவருடைய சபையாருள் மிகப்பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள்; நூறாண்டுகளுக்கு முந்தைய பனையேறியைப் போலவே மனையும் மண்ணும் பிறருடையனவாகக் கொண்டவர்கள். அவர்களிடம் காணிக்கை கேட்பது முறையா என்னும் தயக்கம் மிஷனரிகள் சிலரிடையே இருந்தது. அசரியா தயங்கவில்லை. கொடுப்பவரே சபையில் உரிமையோடு பேசமுடியும் என்பது அவர் பிறந்த ஊர் அவருக்குக் கற்பித்த பாடம். அறுவடை முடிந்ததும் தானியமும் கோழியும் சுமந்து அம்மக்கள் தோர்ணக்கல் ஆலயத்திற்கு வரலாயினர்.